ஒன்றுமின்மைக்குக் கட்டணம்: நமீபியச் சொகுசுச் சுற்றுலாத் திட்டமிடலில் நீக்கற்கோட்பாடு – ஓர் ஆய்வு

முன்னுரை

மனிதன் ஊர் சுற்றத் தொடங்கிய நாள்தொட்டே பயணத்தைத் திட்டமிடுபவர் ஒருவரும், அத்திட்டத்தில் குறை காண்பவர் ஒருவருமாகக் குடும்பத்துக்கு இருவர் இருந்துவருகின்றனர். பின்னவருக்குப் பேச மேடையும் கேட்க ஆளும் எப்போதும் உண்டு. முன்னவர்பால் ஆய்வுலகம் பாராமுகமாகவே இருந்துவிட்டது. அக்குறையைக் களையும் எளிய முயற்சியே இவ்வாய்வேடு.

சொகுசுச் சுற்றுலா என்றாலே எதையாவது கூடுதலாகப் பெறுவது என்பது பொதுவழக்கு. பெரிய அறை, பெரிய மெத்தை, காலைச் சிற்றுண்டிக்கு நாற்பது வகை, அவற்றுள் நாம் தொடுவது இரண்டு. சிங்கப்பூர், துபாய் முதலிய நிலங்களில் இக்கொள்கை செல்லுபடியாவதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஆப்பிரிக்காவின் தென்மேற்கு ஓரத்தில், மேற்கே அட்லாண்டிக் பெருங்கடலும் கிழக்கே கலஹாரியும் காவல் நிற்க, நடுவே கிடக்கும் நமீபியாவில் இக்கொள்கை குப்புற விழுகிறது. அங்கே கட்டணம் ஏற ஏற, கைக்கு வரும் பொருள் குறைந்துகொண்டே போகிறது. ஏன் குறைகிறது, குறைவதற்கென்றே ஏன் மனிதர் முண்டியடிக்கின்றனர், அக்கூட்டத்தில் இடம்பிடிப்பது எங்ஙனம் என்பனவே ஈண்டு ஆராயப்படுகின்றன.

ஆய்வு எல்லை

நமீபியாவின் பரப்பு சுமார் 8,24,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல் ஆறு மடங்குக்கு மேல். 2023 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மக்கள் 30 லட்சத்துச் சொச்சம். அதாவது ஒரு சதுர கிலோமீட்டருக்கு நாலு பேர்கூடத் தேறுவதில்லை. அந்த நாலு பேரிலும் பெரும்பாலோர் வடக்குப் பகுதிகளிலும் தலைநகர் விண்ட்ஹூக்கிலும் குடியிருப்பதால், தெற்கிலும் மேற்கிலும் கணக்குப் போட்டால் மனிதர் பின்னங்களாகவே கிடைக்கின்றனர். ‘நாலு பேர் என்ன நினைப்பார்கள்’ என்ற அச்சத்தில் வளர்ந்த சமூகத்திற்கு, அந்த நாலு பேரையே திரட்ட முடியாத ஒரு நாடு எத்தகைய விடுதலையைத் தரும் என்பது தனியே ஆராயத் தக்கது.

வாடகை வண்டியின் கூரைமேல் கூடாரம் விரித்துத் தூங்கும் சிக்கனப் பயணிகள் இவ்வாய்வின் எல்லைக்குள் வாரார். அவர்களும் இதே மணலைத்தான் பார்க்கின்றனர். இதே விண்மீன்களின் கீழ்தான் உறங்குகின்றனர். ஆயினும் குறைந்த செலவில் பார்ப்பதால் அது சொகுசு ஆகாது என்று ஆய்வு நெறி கருதி ஒதுக்கப்பட்டனர். இவ்வொதுக்கலில் உள்ள தர்க்கச் சிக்கலை ஆய்வாளர் அறிவார், வெளியே சொல்வதில்லை.

கருதுகோள்கள்

ஒன்று: சொகுசு என்பது சேர்த்தல் அன்று, நீக்கல்.

இரண்டு: நீக்கப்படும் பொருள் எவ்வளவுக்கு இன்றியமையாததோ, அவ்வளவுக்குக் கட்டணம் உயரும்.

மூன்று: ஒன்றுமில்லாத ஓர் இடத்தை ஒன்றுமில்லாததாகவே வைத்திருக்கப் பலர் பாடுபட வேண்டும், அப்பாடும் விருந்தினர் கண்ணில் படாமல் நீக்கப்பட வேண்டும்.

சான்றாதாரங்கள்

நிலப்படம், மழைக்கணக்கு, சரணாலய வாயில்கள் திறக்கும் நேரம், சிறுவிமான மூட்டை விதி ஆகியன முதன்மைச் சான்றாதாரங்கள். வழுவழுப்பான தாளில் அச்சான பயணச் சிற்றேடுகள் துணைமைச் சான்றாதாரங்கள். இச்சிற்றேடுகளின் படங்களில் மனிதரே காணப்படுவதில்லை. தப்பித் தவறிக் காணப்பட்டால் அது வெள்ளை உடை அணிந்து, நமக்கு முதுகைக் காட்டியபடி மணல்மேட்டைப் பார்த்து நிற்கும் ஒரு பெண்மணி. அவர் யார், எல்லாச் சிற்றேட்டிலும் எப்படி வருகிறார், கால் சுடவில்லையா என்னும் வினாக்களுக்கு விடை கிட்டவில்லை.

இயல் 1: நிலப் பகுப்பு

ஒரே நாட்டுக்குள் இத்தனை மாறுபட்ட நிலங்கள் எங்ஙனம் அமைந்தன? குற்றவாளி ஒரு கடல் நீரோட்டம். தெற்கே அண்டார்டிக் பக்கமிருந்து குளிர்ந்த நீரைச் சுமந்துகொண்டு கரையோரமாக வடக்கே ஏறும் பெங்குவெலா நீரோட்டம், தன் மேலுள்ள காற்றையும் குளிர வைக்கிறது. குளிர்ந்த காற்று மேலெழும்பாது. மேலெழும்பாத காற்று மழை தராது. மூடுபனியை மட்டும் தரும். ஆகவே கடலை ஒட்டியே பாலை. கடற்கரை நகரான ஸ்வாகோப்முண்டில் ஆண்டு மழை 20 மில்லிமீட்டரைத் தொடுவதே அபூர்வம். ஆனால் விடிந்தால் தெருவே தெரியாத பனி. அங்குள்ள கறுப்பு வண்டொன்று மணல்மேட்டின் உச்சியில் தலைகீழாக நின்று, முதுகில் படியும் பனித்துளி வாய்க்கு உருண்டுவரும்வரை காத்திருக்கிறது. நாடு முழுவதிலும் குடிநீருக்குச் செலவின்றி, நின்ற இடத்திலேயே திட்டமிட்ட முதல் உயிர் அதுவே.

கடலோரம் தொட்டு உள்நாடு வரை நமீப் பாலையின் மணற்கடல். 2013இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. கடலோரத்தில் வெளிறிய மஞ்சளாக இருக்கும் மணல், உள்ளே போகப்போக இரும்புத் துரு ஏறிச் செம்மண் நிறம் கொள்கிறது. சௌசாப் என்னும் ஆறு மலையிலிருந்து புறப்பட்டுக் கடலைத் தேடி வந்து, சோசுஸ்ஃப்லேயில் மணல்மேடுகள் மறிக்க, அங்கேயே களிமண் தரையாகப் படுத்துவிட்டது. அதன் பக்கத்தில் டெட்ஃப்லே. ஆற்றுநீர் வழிமாறிப் போனதால் பல நூற்றாண்டுக்கு முன் செத்த முள்மரங்கள், மட்குவதற்கு வேண்டிய ஈரமும் இல்லாமல், கரிக்கட்டையாக இன்னும் நிற்கின்றன. அருகிலுள்ள ‘பிக் டாடி’ மணல்மேட்டின் உயரம் சுமார் 325 மீட்டர். இரண்டடி ஏறினால் ஓரடி சறுக்கும். இக்கணக்கில் ஏறுபவர் மேட்டின் உயரத்தைவிட மிகுதியாகவே ஏறுகிறார் என்பது வெளிப்படை.

வடக்கே எட்டோஷா: 1907இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம். நடுவே சுமார் 4,800 சதுர கிலோமீட்டருக்கு வெளுத்துக் கிடக்கும் உப்புத்தரை. தெற்கே மீன் ஆற்றுப் பள்ளத்தாக்கு: 160 கிலோமீட்டர் நீளம், ஆழமான இடத்தில் 550 மீட்டர். வடகிழக்கு மூலையில் சாம்பெசி பகுதி: ஆறு, நாணல், நீர்யானை, பசுமை. நாட்டின் மற்ற பகுதிகளோடு சண்டை போட்டுக்கொண்டு தனிக்குடித்தனம் போனது போன்ற நிலம்.

நிலத்தைத் திணைகளாகப் பகுத்த மரபில் வந்த நமக்கு இங்கே ஒரு பெருஞ்சோதனை காத்திருக்கிறது. வால்விஸ் பேயின் தெற்கே சாண்ட்விச் துறையில், மணல்மேடுகள் நேரே அட்லாண்டிக்கில் இறங்குகின்றன. ஒரு காலை நெய்தலிலும் மறு காலைப் பாலையிலும் வைத்து நிற்கலாம். கடல் பின்வாங்கும் நேரம் பார்த்து, மேட்டுக்கும் அலைக்கும் நடுவிலுள்ள குறுகிய ஈரத்தரையில் வண்டியை விரட்ட வேண்டும். நேரம் தப்பினால் வண்டி முழுமையாக நெய்தலுக்கே உரியதாகிவிடும். திணைமயக்கத்திற்கு இதைவிடக் கண்கூடான சான்று உரையாசிரியர் எவருக்கும் வாய்த்ததில்லை.

இயல் 2: நீக்கற்படிகள்

கருதுகோள் ஒன்றையும் இரண்டையும் நிறுவும் பொருட்டு, விலை ஏறும் வரிசையில் நமீபியத் தங்குமிடங்கள் ஈண்டு அடுக்கப்படுகின்றன.

முதற்படி, தொலைக்காட்சி நீக்கம். விண்ட்ஹூக்கில் ஓர் எளிய விடுதியில் தொலைக்காட்சி, குளிர்பெட்டி, மின்தூக்கி எல்லாம் உண்டு. ஊரைத் தாண்டிப் பாலைக்குள் போனவுடன் விலை ஏறுகிறது, தொலைக்காட்சி மறைகிறது. கைப்பேசிக் கோபுரமும் சேர்ந்து மறைந்தால் சிற்றேட்டில் அதற்குத் தனிப் பத்தி உண்டு.

இரண்டாம்படி, சுவர் நீக்கம். இங்கே அறை என்பது கித்தான் கூடாரம். காற்றடித்தால் படபடக்கும். குளியலறைக்கு மூன்று பக்கம் மறைப்பு. நாலாவது பக்கம் மலை. பார்க்க யாருமில்லை என்பது உறுதி என்றாலும், தொலைவில் ஓர் ஓரிக்ஸ் மான் நிமிர்ந்து பார்க்கும்போது துண்டைத் தேடும் கை தானாக நீள்கிறது.

மூன்றாம்படி, கூரை நீக்கம். சொகுசின் உச்சிகளுள் ஒன்று எனக் கருதப்படுவதால் இப்படியைச் சற்று அணுகிப் பார்ப்போம். சில முகாம்களில் கட்டிலுக்கு அடியில் சக்கரம் இருக்கும். பொழுது சாய்ந்ததும் பணியாளர் வந்து, கொசுவலை, மெத்தை, தலையணை சகிதம் அக்கட்டிலை வெளித் தளத்திற்கு உருட்டிவிடுகிறார். போர்வையை மடித்து நுனியைத் திருப்பி வைக்கிறார். ஜூன், ஜூலை இரவுகளில் பாலைக் குளிர் உறைநிலையை எட்டிப் பார்ப்பதால், சுடுநீர் நிரப்பிய ரப்பர்ப் பையொன்றைத் துணியுறையில் இட்டுக் கால்மாட்டில் செருகுகிறார். பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் போய்விடுகிறார். விருந்தினர் அண்ணாந்து படுத்துப் பால்வழியைப் பார்க்கிறார். மின்வெட்டு நாட்களில் மொட்டை மாடியில் பாய் விரித்து வளர்ந்த ஒரு தலைமுறைக்கு இவ்வனுபவம் புதிதன்று, ரசீதுதான் புதிது.

நான்காம்படி, வெளிச்ச நீக்கம். சோசுஸ்ஃப்லேயின் தெற்கே நமீப்ராண்ட் என்னும் தனியார் காப்பகம், 2,000 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்டது. 2012இல் உலக இருள்வானக் காப்பகங்களுள் ஒன்றாக அங்கீகாரம் பெற்றது. அதாவது ‘இங்கே உண்மையிலேயே இருட்டு’ எனச் சான்றிதழ் உண்டு. விளக்குகள் தரையை நோக்கியே எரிய வேண்டும் என்பது முதலிய நெறிகளைக் கடைப்பிடித்து ஈட்டிய இருட்டு அது. இருட்டு இலவசமாகக் கிடைத்த காலமும் இருந்தது. சான்றிதழ் பெற்ற இருட்டுக்கு மதிப்பு வேறு.

ஐந்தாம்படி, அண்டை அயலார் நீக்கம். அதே நமீப்ராண்டில் ஆயிரம் ஹெக்டேருக்கு ஒரு படுக்கை என்பது வரம்பு. ஆயிரம் ஹெக்டேர் என்பது ஏறக்குறைய 2,470 ஏக்கர். ஒரு கட்டிலுக்கு 2,470 ஏக்கர் எனில், இரட்டைக் கட்டிலில் கணவனும் மனைவியும் 4,940 ஏக்கரைப் பகிர்ந்துகொள்கின்றனர். அப்படியும் ‘கொஞ்சம் தள்ளிப் படுங்க’ என்ற குரல் எழுவது மனித இயல்பின் மாறாத் தன்மையைக் காட்டும்.

ஆறாம்படி, சாலை நீக்கம். வடமேற்கே எலும்புக்கூட்டுக் கரை. மூடுபனியும் அலையும் கப்பல்களைக் கரையேற்றிக் கொன்ற இடம். இன்னும் தெற்கே, நமீப் கரையில், 1909இல் தரைதட்டிய எடுவர்ட் போலன் என்னும் கப்பல் இப்போது கடலிலிருந்து நன்கு உள்ளே தள்ளி மணலில் கிடக்கிறது. கப்பல் நகரவில்லை, கரைதான் விலகிப்போனது. எலும்புக்கூட்டுக் கரையின் வடபகுதிக்குப் பொதுச்சாலை இல்லை. சிறுவிமானத்தில்தான் போக வேண்டும். நாட்டிலேயே தலையாய கட்டணங்களுள் ஒன்று இதற்குரியது என்பதால், இரண்டாம் கருதுகோள் ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட்டதாகக் கொள்ளலாம்.

இவ்வியலை முடிக்குமுன் ஒன்று. நமீப் புல்வெளிகளில் புல்லே முளைக்காத மொட்டை வட்டங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ‘தேவதை வட்டங்கள்’ என்பர். கரையான்கள்தாம் காரணம் என ஒரு சாராரும், கிடைக்கும் சொற்ப நீருக்குப் புற்களே அடித்துக்கொள்வதால் விளைவது என மறு சாராரும் பல்லாண்டாக வாதிடுகின்றனர். வட்டத்துக்குள் ஒன்றுமில்லை என்பதில் மட்டும் இரு சாராரும் உடன்படுகின்றனர். ஒன்றுமில்லாததைப் பற்றி இத்துணைக் கட்டுரைகள் எழுதப்பட்டிருக்கும்போது, இவ்வாய்வேட்டைக் குறை சொல்லுதல் முறையன்று.

இயல் 3: திட்டமிடுவோர்க்குரிய உரிப்பொருள்

நிலத்துக்கு ஒன்றாக உரிப்பொருள் வகுத்தனர் முன்னோர். நமீபியப் பயணத்தில் அவ்வைந்தும் நிலத்தில் நிகழ்வதில்லை. புறப்படுவதற்கு முன் திட்டமிடுபவரின் உள்ளத்திலேயே, அவ்வரிசையிலேயே நிகழ்ந்து முடிந்துவிடுகின்றன.

புணர்தல்: போகலாம் என்பதில் கணவனும் மனைவியும் உடன்படும் நிலை. மிகக் குறுகியது. நிலப்படத்தை விரித்தவுடன் விண்ட்ஹூக், சோசுஸ்ஃப்லே, ஸ்வாகோப்முண்ட், டமாராலேண்ட், எட்டோஷா, மீண்டும் விண்ட்ஹூக் என வட்டம் அழகாக அமைகிறது. ‘பக்கத்துல பக்கத்துலதானே இருக்கு’ என்பர். படத்தில் ஓர் அங்குலம் என்பது சரளைச் சாலையில் அரைநாள். சரளையில் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பர். போனால் வளைவில் வண்டி சாலையோடு உறவை முறித்துக்கொள்ளும். உதிரிச் சக்கரம் இரண்டு வேண்டும். மூன்று வாரத்துக்கும் குறைவாகப் போவோர் இவ்வட்டத்தோடு மீன் ஆற்றையும் சாம்பெசியையும் சேர்ப்பாராயின், அவர் பார்ப்பது நமீபியாவை அன்று, நமீபியாவின் சாலைகளை. ஓரிடத்தில் இரண்டு இரவுக்குக் குறையாமல் தங்குக என்பது இவ்வியலின் விதி.

இருத்தல்: முகாமிலிருந்து பதில் வரும்வரை காத்திருத்தல். மழைக்காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. வறண்ட காலம் மே முதல் அக்டோபர் வரை. எட்டோஷாவுக்கு ஜூலை முதல் அக்டோபர் வரை தலையாயது. காடெங்கும் நீர் வற்றுவதால் விலங்குகளுக்குக் குட்டைகளை விட்டால் வேறு போக்கிடமில்லை. அங்குள்ள ஒக்காக்குவேயோ முகாமில் தாழ்ந்த கற்சுவரை ஒட்டிப் பெஞ்சுகள். எதிரே விளக்கொளியில் ஒரு குட்டை. இரவில் கறுப்புக் காண்டாமிருகம் வந்து நீர் பருகும்; வேறெங்கும் அடங்காத மனிதக் கூட்டம் அங்கே இருமலையும் விழுங்கிக்கொண்டு அமர்ந்திருக்கும். நீர் நீக்கப்பட்டால்தான் விலங்கு தெரியும் என்பதால் நீக்கற்கோட்பாடு அஃறிணைக்கும் பொருந்துவதாயிற்று. எல்லாரும் அதே மாதங்களைக் கேட்பதாலும், முகாமுக்குக் கூடாரங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கனவாய் இருப்பதாலும் காத்திருப்பு நீள்கிறது.

ஊடல்: இதற்குக் காரணம் மூட்டை. சிறுவிமானத்தில் கைப்பை உட்பட ஆளுக்கு 20 கிலோ என்பது பரவலான எல்லை. அதுவும் மடங்கக்கூடிய துணிப்பையாக இருக்க வேண்டும். சக்கரப் பெட்டி வயிற்றறைக்குள் நுழையாது. ஆனால் காலையில் உறைய வைக்கும் குளிர், நண்பகலில் வறுக்கும் வெயில், மறுநாள் கடலோரத்தில் பனி. கம்பளிச் சட்டையும் பருத்திச் சட்டையும் ஒரே பைக்குள் வர வேண்டும். அவற்றோடு ஊறுகாய்ப் பாட்டிலும் வர வேண்டும் என ஒரு தரப்பும், புகைப்படக்கருவியின் பெரிய வில்லை வர வேண்டும் என மறு தரப்பும் நிற்குமிடத்தில் ஊடல் பிறக்கிறது. தராசு நடுநிலையாக நிற்கும். அதனாலேயே இருவருக்கும் எதிரியாகும்.

இரங்கல்: மொத்தத் தொகையைக் கண்ணுறுதல். இந்நிலையில் ஒரு வரி மட்டும் விளக்கம் வேண்டிநிற்கும். சோசுஸ்ஃப்லேக்குச் செல்லும் செஸ்ரியம் வாயில் சூரிய உதயத்தில் திறக்கும். அங்கிருந்து சோசுஸ்ஃப்லே வரை 60 கிலோமீட்டர் தார்ச்சாலை, கடைசி ஐந்து கிலோமீட்டர் நான்கு சக்கர இழுவை வண்டிக்கே உரிய புதைமணல். வாயிலுக்கு உட்புறம் தங்குவோர் ஒரு மணி நேரம் முன்னதாகவே புறப்படலாம். மேட்டின் ஒரு பாதி சிவப்பாகவும் மறு பாதி கறுப்பாகவும் கத்தி வெட்டினாற்போல் பிரிந்து நிற்கும் காட்சி அந்தத் தாழ்ந்த வெயிலில்தான். ஆக, உட்புற விடுதியில் விருந்தினர் வாங்குவது அறையை அன்று. மற்றவர் வந்து சேராத அந்த ஒரு மணி நேரத்தை.

பிரிதல்: முன்பணம் செலுத்துதல். உடன்போக்கு இல்லை; பணம் தனியாகவே போகிறது.

இயல் 4: வரலாற்றுச் சான்றுகள்

பயணத் திட்டப் பிழைகளின் வரலாற்றில் முதலிடம் ஒரு ஜெர்மானியச் சான்சலருக்கு உரியது. 1890இல் லியோ ஃபான் கப்ரிவியின் அரசு பிரிட்டனோடு உடன்படிக்கை செய்தது. சான்சிபாரில் பிரிட்டனுக்குக் குறுக்கே நிற்பதில்லை என ஒப்புக்கொண்டு, வடகடலில் ஹெலிகோலாந்து தீவையும், நமீபியாவின் வடகிழக்கில் விரல்போல் நீளும் ஒரு நிலத்துண்டையும் ஜெர்மனி பெற்றது. அத்துண்டின் வழியே சாம்பெசி ஆற்றை எட்டி, அப்படியே படகில் இந்தியப் பெருங்கடலுக்குப் போய்விடலாம் என்பது கனவு. போகலாம், நடுவில் விக்டோரியா அருவி மட்டும் இருக்கிறது. நூறு மீட்டருக்கு மேற்பட்ட அதன் வீழ்ச்சியை லிவிங்ஸ்டன் 1855இலேயே கண்டு எழுதியிருந்தார். போகும் வழியை ஒருமுறை விசாரித்துவிட்டுப் பணம் கட்டுக என்னும் நெறி இதனால் பெறப்படும். அந்நிலத்துண்டு நெடுங்காலம் கப்ரிவியின் பெயரையே தாங்கி, 2013இல் சாம்பெசி பகுதி எனப் பெயர் மாறியது. இன்று அங்கே ஆற்றங்கரை விடுதிகள் உண்டு. பிழையான திட்டங்களும் காலப்போக்கில் சுற்றுலாத்தலம் ஆகலாம் என்பது திட்டமிடுவோர்க்கு ஆறுதல்.

சேர்த்தல் கொள்கைக்கும் நமீபியா ஒரு வாய்ப்பு அளித்துப் பார்த்தது. 1908இல் லூடரிட்ஸ் அருகே ரயில் பாதையில் மணல் அள்ளிய சக்கரியாஸ் லெவாலா என்னும் தொழிலாளி பளபளக்கும் கல்லொன்றைக் கண்டெடுத்தார். அது வைரம். கண்டவருக்குப் பயனொன்றும் விளையவில்லை. அவ்விடத்தில் கோல்மன்ஸ்கோப் என்னும் ஊர் விளைந்தது. பாலை நடுவே பனிக்கட்டித் தொழிற்சாலை, நடன அரங்கு, எக்ஸ்ரே கருவியுடன் மருத்துவமனை. எதைக் கேட்டாலும் உண்டு. வைரம் தெற்கே மிகுதியாகக் கிடைக்கவே, ஊர் சிறுகச் சிறுகக் காலியாகி, 1956இல் முற்றிலும் ஆளின்றிப் போயிற்று. இப்போது கதவு நிலையில் பாதி உயரத்துக்கு மணல். சுவரில் உரியும் பூத்தாள். கூரை ஓட்டை வழியே விழும் வெயில் அம்மணலின் மேல் மெல்ல நகர்கிறது. எல்லாம் இருந்தபோது அங்கே போகக் கூலிக்கு ஆள் பிடித்தனர். எல்லாம் போன பிறகு நுழைவுச்சீட்டு வாங்கிப் போகின்றனர்.

இங்கே ஆய்வேட்டின் நடை சற்று மாற வேண்டியுள்ளது. நாம் காசு கொடுத்துப் பார்க்கும் வெறுமை முழுவதும் பெங்குவெலா நீரோட்டத்தின் கைவேலை அன்று. வைரத்தைக் காக்க 1908இல் சுமார் 26,000 சதுர கிலோமீட்டரை ‘தடுக்கப்பட்ட பகுதி’ எனப் பூட்டி வைத்தனர். அதன் காட்டுயிர்ச் செழுமை நூறாண்டுப் பூட்டின் விளைவு. அதற்கும் முன், 1904 முதல் 1908 வரை, ஜெர்மானியப் படை ஹெரேரோ, நாமா மக்களைக் கொன்று குவித்தது. வாட்டர்பெர்க் போருக்குப் பின் ஹெரேரோ மக்களை நீரற்ற ஒமாஹேகே பாலைக்குள் விரட்டி, நீர்நிலைகளை மறித்தனர். லூடரிட்ஸின் சுறாத் தீவில் வதைமுகாம் இருந்தது. இனப்படுகொலை என ஜெர்மனி அதை ஏற்றது 2021இல். ஆளில்லாத நிலம் என்று சிற்றேடு பெருமைப்படும் இடங்களில், ஆள் எங்கே போனார்கள் என்று கேட்பதும் திட்டமிடலின் ஒரு பகுதி.

இன்னொரு கேள்வியும் உண்டு: நாம் கொடுக்கும் காசு யாருக்குப் போகிறது? விடுதலைக்குப் பின், 1996இல் வந்த சட்டம், பொது நிலங்களில் வாழும் சமூகங்கள் தம் காட்டுயிர் மீது உரிமை பெற்றுக் காப்பகம் அமைக்க வழிசெய்தது. இன்று அத்தகைய சமூகக் காப்பகங்கள் 80க்கு மேல். அவர்கள் நிலத்தில் நடக்கும் முகாம், அவர்களுக்குக் குத்தகை தருகிறது, வேலையும் தருகிறது. கட்டிலை உருட்டியவர் அவ்வூரின் பங்குதாரராகவும் இருக்கக்கூடும். மூன்றாம் கருதுகோளில் கூறிய ‘கண்ணில் படாத பாடு’ இங்கேதான் கண்ணில் படுகிறது. முகாமைத் தெரிவுசெய்யுமுன் இதை விசாரிக்க ஒரு மடல் போதும். வில்லையின் எடையை விசாரிக்கும் மடலைவிடச் சிறியது.

இயல் 5: ஒப்பாய்வு

நமீபியா தொடர்பான சொகுசுப் பயணங்களுள் முழுமையானது, அங்கிருந்து இங்கு வந்த ஒன்று. 2022 செப்டம்பர் 17 அன்று எட்டு சிவிங்கிப்புலிகள், ஐந்து பெண், மூன்று ஆண், விண்ட்ஹூக்கிலிருந்து தனி விமானத்தில் குவாலியர் வந்திறங்கி, ஹெலிகாப்டரில் மத்தியப் பிரதேசத்தின் குனோ சென்றன. வரவேற்கப் பிரதமரே வந்திருந்தார். விமானத்தின் மூக்கில் புலி முகம் தீட்டப்பட்டிருந்தது. இத்தவற்றைக் குறித்து விருந்தினர் முறையிட்டதாகப் பதிவில்லை.

நீக்கற்கோட்பாட்டின்படி இப்பயணத்தைச் சோதிப்போம். மூட்டை நீக்கம்: ஆம். திட்டமிடும் தொல்லை நீக்கம்: ஆம். உடல்நலம் கருதி விமானத்தில் உணவும் நீக்கம். அண்டை அயலார் நீக்கம்: வேலியிட்ட தனிப் பரப்பு. ஆனால் திரும்பும் பயணச்சீட்டும் நீக்கப்பட்டிருந்தது. அச்சிவிங்கிப்புலிகளுள் சில பின்னர் இங்கேயே மடிந்தன. நீக்கலுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதும், அவ்வெல்லை வீடு திரும்பும் உரிமையே என்பதும் இதனால் துணியப்படும். வெறுமை இன்பம் தருவது, அதைவிட்டு வெளியேறும் தேதி கையில் இருக்கும்வரைதான்.

தொகுப்புரை

சொகுசு நீக்கலே என்பது நிறுவப்பட்டது. சுவரும் கூரையும் விளக்கும் சாலையும் போன பிறகு எஞ்சுவது நிலம் ஒன்றே; நிலத்தைப் பார்க்கத்தான் புறப்பட்டோம் என்பது அப்போதுதான் நினைவுக்கு வரும். இந்நினைவை வருவிக்கும் செலவே பயணக் கட்டணம். நீக்கப்பட்ட பொருள்கள் எங்கே சேமித்து வைக்கப்படுகின்றன, வெள்ளை உடைப் பெண்மணி யார் ஆகியன மேலாய்வுக்குரியன.

வாய்மொழித் தேர்வு

விதிப்படி இவ்வாய்வேடு தேர்வாளர் முன் வைக்கப்பட்டது. அகத் தேர்வாளர் ஆய்வாளரின் மனைவி. புறத் தேர்வாளர் அவருடைய தந்தை, கருவூலத்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.

புறத் தேர்வாளர் கேட்டார்: “எல்லாம் சரி மாப்பிள்ளை. அங்க பார்க்கறதுக்கு என்னதான் இருக்கு?”

“ஒண்ணும் இல்லை மாமா. அதுதான் அங்க விசேஷமே.”

“ரூம்ல டிவி?”

“கிடையாது மாமா.”

“ரூமாவது உண்டா?”

அகத் தேர்வாளர் குறுக்கிட்டார்: “கட்டிலை வெளிய தள்ளிவிட்டுருவாங்களாம்ப்பா.”

புறத் தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மொத்தத் தொகை இருந்த பக்கத்தை மறுபடி பார்த்தார்.

“சரி, போறதுதான் போறீங்க, மெதுவா அடுத்த வருஷம் பார்த்துக்கலாமே. ஒண்ணுமே இல்லாத எடத்துக்கு இப்பவே எதுக்கு இவ்வளவு அவசரமா முன்பணம் கட்டறீங்க?”

“ஒண்ணுமில்லாத எடம் கொஞ்சம்தான் மாமா இருக்கு. சீக்கிரமே நிறைஞ்சுடுது.”